நிற்காமல் பார்த்துக்கொள்

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அத்தையும் நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பதறாதே. நான் யாரிடம் எவ்வளவு நேரம் பேசினேன் என்பது கப்பலில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடுகிறது. போன் இணைப்பு அவர் பெயரில். மாடி வீட்டு டீச்சர்தான் இதைத் தபாலில் சேர்க்கிறார். பதில் எழுதினால் டீச்சர் முகவரிக்கே எழுது.

இவர் கப்பலில் சீஃப் இன்ஜினியர் ஆனதும் வாங்கிய விலை உயர்ந்த வாட்ச்சைப் பற்றிச் சொன்னேனே, அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று? "குடுத்து வெச்சவடி நீ" என்றாய். நானும் சிரித்தேன்.

அதற்கு பேட்டரி கிடையாது. கை அசைய அசைய உள்ளே ஒரு தகடு சுழன்று தானாகவே முறுக்கேறிக்கொள்ளும். கழற்றி வைத்தால் ஓரிரு நாளில் நின்றுவிடும். வாங்கிய அன்று அதைக் காதோடு வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கும் மனது நிறைந்தது, பொய் சொல்லக்கூடாது.

கப்பலில் இன்ஜின் அறைச் சூட்டுக்கும் அதிர்வுக்கும் அது தாங்காது என்றார். கிளம்புவதற்கு முன் என்னைக் கடைக்கு அழைத்துப்போய், என் மணிக்கட்டுக்கு அளவெடுத்துச் சங்கிலியின் கண்ணிகளைக் கழற்ற வைத்தார். "நின்னா ஒண்ணும் கெட்டுப்போகாது சார், மறுபடி கட்டினா ஓடும்" என்றார் கடைக்காரர். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நிக்காம பாத்துக்கோ" என்று என் கையில் பூட்டினார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஸ்பீக்கர் பக்கம் போகாதே, காந்தம் இருக்கும். காந்தப் பூட்டு வைத்த கைப்பையை எடுக்காதே. துணி அலசாதே. டீச்சர் மகளின் பிறந்தநாளில் எல்லோரும் கை தட்டினார்கள், நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தட்டினால் அதிருமாம்.

என் வேலையும் அப்படித்தான் போனது அக்கா. ஸ்கேன் சென்டரில் நான் இருந்தது எம்.ஆர்.ஐ. எடுக்கிற காந்த மெஷின் அறை. வாட்ச்சை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். "லாக்கருக்கு இன்னொரு சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "தெரியாத இடத்துல வெச்சுட்டு நிம்மதியா வேலை பார்ப்பியா?" என்றார். இடுப்பு வலி என்று விட்டுவிட்டதாக உன்னிடம் சொன்னேன். இடுப்புக்கு ஒன்றுமில்லை.

தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவார். முதலில் முகம், பிறகு மணிக்கட்டு. போன மாதம் காய்ச்சலில் அசையாமல் படுத்திருந்தேன். நின்றுவிட்டது. எழுந்து நேரத்தைத் திருப்பி வைத்தவள், தேதியைக் கவனிக்கவில்லை. வீடியோவில் தேதியைப் பார்த்ததும், "கழட்டி வெச்சுட்டு எங்க போன?" என்றார். அத்தை போனை வாங்கி, காய்ச்சலைச் சொன்னபிறகுதான் விட்டார். கட்டிப்போட்டதுபோல் வைத்திருந்தாலும் ஒருநாளும் கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. அதனாலேயே யாரிடமும் எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

வாட்ச்சை வைத்துத் தானாகச் சுழற்றுகிற பெட்டி இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னேன். "பெட்டி எதுக்கு? நீ இருக்கியே" என்றார்.

அதை அத்தை பக்கத்திலிருந்து கேட்டார். மறுநாள் காலையில் கையை நீட்டி, "கழட்டு. ஆட்டிக்கிட்டே இருக்கணும்னா இது கடிகாரமா, கைக்குழந்தையா? ஒரு பிள்ளையை ஆட்டி வளத்தது போதாதுன்னு இதுவேற" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. அதைத் தன் கையில் பூட்டிக்கொண்டு, "சென்டர்ல போய்க் கேளு. சாயங்காலத்துக்குள்ள வந்துடு" என்றார்.

சென்டரில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். முதல் நோயாளி ஒரு லாரி டிரைவர். மெஷின் குழாய்க்குள் போகப் பயந்து கண்ணை மூடிக்கொண்டார். "கொஞ்ச நேரம்தான், நான் இங்கயேதான் இருக்கேன், கூப்பிட்டா உடனே வெளிய எடுத்துடுவேன்" என்று மைக்கில் சொன்னேன்.

போன வாரம் ஒருநாள் மதியத்திலேயே கூப்பிட்டிருக்கிறார். என் போன் லாக்கரில். அத்தை போனுக்குப் போட்டிருக்கிறார். "குளிக்கிறா, கழட்டி என்கிட்ட குடுத்திருக்கா" என்று அத்தை வாட்ச்சைக் காட்டினாராம். என் அளவுச் சங்கிலி அத்தையின் கையில் பதிந்து சிவந்திருந்ததை அவர் பார்க்காமல் இருப்பாரா? "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம்.

சாயங்காலம் என்னிடம் அவ்வளவு பிரியமாகப் பேசினார். சாப்பிட்டாயா, மெலிந்துவிட்டாயா என்றெல்லாம் கேட்டார். வாட்ச்சைக் காட்டச் சொல்லவே இல்லை. கடைசியில், "அடுத்த மாசம் வந்துடறேன். இனிமே கப்பல் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். கரையிலயே வேலை. உன்கூடவே இருப்பேன்" என்றார். எந்த மனைவியும் கேட்க ஏங்குகிற வார்த்தைதான். எனக்கோ பூட்டுப் போடுகிற சத்தமாகத்தான் கேட்டது.

போனை வைத்ததும் அத்தை என் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். "அவன் வர்றதுக்குள்ள உங்க அக்கா வீட்டுக்குப் போ. கேட்டா நான்தான் அனுப்பினேன்னு சொல்லிக்கிறேன்" என்றார். நீங்களும் வாருங்கள் என்றேன். "நான் பெத்தவ, என்னை என்ன பண்ணிடுவான்?" என்றார். அப்படிச் சொன்னாரே தவிர, மடித்த புடவையையே மறுபடி பிரித்து மடித்தார். அவரை விட்டுவிட்டு வர மனம் கேட்கவில்லை. இருந்தால் மட்டும் என்ன செய்துவிடப் போகிறேன்?

மாமாவிடம் நீ பக்குவமாகச் சொல்லு. அங்கேயும் ஸ்கேன் சென்டர் இருக்கும், நான் பாரமாக இருக்கமாட்டேன். இந்தக் கடிதம் கிடைத்த ஒன்றிரண்டு நாளில் வந்துவிடுவேன். உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

நான் வந்து வாசலில் நிற்கும்போது, எத்தனை நாள் இருப்பாய் என்று மட்டும் கேட்டுவிடாதே அக்கா.

உன்னையே நம்பியிருக்கும்,
தங்கை