மாமாவின் கையைக் கடித்தது உண்மைதான்

நற்பிட்டிமுனை,
12.02.1984, ஞாயிற்றுக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு,

யூனிஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். ஆனபடியால் அம்மாவின் செய்தியை முதலில் எழுதுகிறேன். கட்டாரில் தனியாக இருக்கிறீர்கள், பதறாமல் வாசியுங்கள்.

அம்மாவைக் கல்முனை ஆஸ்பத்திரி வாட்டில் மறித்து வைத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போனோம். கால் வீங்கியிருக்கிறது, பிரஷரும் கூட, பிள்ளை பிறக்கும்வரை கட்டிலிலேயே கிடக்க வேண்டும் என்று சொன்னார்கள். இது எட்டாம் மாதம். வாட்டு நர்ஸ் மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மனதை உலைக்கிற கதை ஒன்றையும் அம்மாவிடம் கொண்டு வராதே, பிரஷர் ஏறினால் தாய்க்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது என்றார். நான் தலையாட்டினேன்.

பகல் சோறு நான்தான் கொண்டு போகிறேன். உப்புப் போடக் கூடாதாம். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பில்லாததால் ஒரு நட்டமும் இல்லை, நீ உப்புப் போட்டாலும் இப்படித்தான் இருக்கும் என்று சிரிக்கிறார். சிரிக்கும்போது முகம் உப்பித் தெரிகிறது. இரவில் பக்கத்து வீட்டு றுகையா ராத்தாவோடு போய்ப் படுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம்.

மற்ற விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை சாமுவேல் மாமா வந்தார். தன் தங்கச்சியை, அம்மாவை, வாட்டில் பார்த்துவிட்டு நேரே இங்கேதான் வந்தார். முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்து தேத்தண்ணி கேட்டார், கொடுத்தேன். குடித்து முடித்த பிறகு சொன்னார். கல்யாணம் முடிச்சுப் பதினான்கு வருசத்துக்குப் பிறகு கடவுள் என்ட தங்கச்சிக்குச் சொந்தமாக ஒரு பிள்ளையைக் கொடுக்கிறார், இனி நீ உன்ட ஆக்களிட்டப் போகலாம்தானே என்றார். உன் அப்பாவின் அக்கா தம்பிலுவிலில் இருக்கிறா, நான் போய்க் கதைத்துவிட்டேன், வெள்ளாமை வெட்டு முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போவா என்றார். உன் அப்பா என்று அவர் சொன்னது உங்களை இல்லை. எழுபத்தெட்டாம் வருசச் சூறாவளியில் செத்துப்போன என் பெற்ற அப்பாவை. அது எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வீடு இருக்கிற வளவைப் பற்றியும் சொன்னார். இது தாய்வழியாக வந்த வளவு, தாயின் குடி, வம்சம் தெரியாத பிள்ளைக்கு இதைச் சீதனமாக எழுத ஏலாது, நீ கண்முன்னே நின்றால் தங்கச்சி மனம் இளகி எழுதிவிடுவாள் என்றார். மாமா கெட்டவர் இல்லை அப்பா. அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் இளநீர் வெட்டிக்கொண்டு போகிறவர் அவர்தான். அம்மாவிடம் மூச்சு விடாதே, பிரஷர் ஏறும் என்று அவரும் சொன்னார். மிஸ்ஸி சொன்னதும் அதுதானே. ஆகவே அம்மாவிடம் சொல்லவில்லை. வேறு யாரிடம் சொல்வது? நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள். இந்தக் கடிதம் முந்தி வருமோ, தம்பிலுவில் மாமி முந்தி வருவாவோ தெரியாது.

இன்றைக்குக் காலை ஆராதனையில் போதகர் ஐயா நல்ல பிரசங்கம் சொன்னார். தேவன் நம்மைக் கூலிக்குப் பிடிக்கவில்லை, பிள்ளைகளாக எடுத்துக்கொண்டார் என்றார். நாளைக்கு நில் என்பார்களோ போ என்பார்களோ என்ற பயம் கூலியாளுக்குத்தான், பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை, பிள்ளை அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வரும் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அந்தப் பயம் இருக்கிறதே. அப்படியென்றால் நான் பிள்ளை இல்லையா? இதை ஐயாவிடம் கேட்கலாம் என்று வாசல்வரை போனேன். ஆட்கள் நின்றார்கள், வந்துவிட்டேன்.

நான் நன்றி மறந்தவள் என்று நினைக்காதீர்கள். சூறாவளிக்குப் பிறகு ஆலய மண்டபத்தில் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு இருந்தேனே, அப்போது வந்தவர்கள் எல்லோரும் நீ யாருடைய பிள்ளை என்றுதான் கேட்டார்கள். நீங்கள் மட்டும் அதைக் கேட்கவில்லை. எங்களோடு வாறியா மகள் என்று கேட்டீர்கள். பிறகு எனக்கு ஞானஸ்நானம் தந்தபோது, தலையில் தண்ணீர் பட்ட நேரம், கடவுளும் இப்படித்தான் ஒன்றும் விசாரிக்காமல் என்னை எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். இன்றைக்கும் ஜெபத்தில் அதைத்தான் முதலில் சொல்வேன். என்னைப் பிள்ளையாக்கினதற்கு ஸ்தோத்திரம். அம்மாவின் பிரஷர், உங்கள் வேலை, கிணற்றுத் தண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் சொல்லி முடிந்ததும் நெஞ்சு அடிக்கும். எடுத்தவர் திருப்பி வைத்துவிடுவாரோ என்று.

ஏதும் பிழை விட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். விடியமுந்தி எழும்புகிறேன். அம்மா கேட்குமுன் தண்ணீர் வைக்கிறேன். அம்மா மசக்கையில் சத்தி எடுக்கத் தொடங்கினதும், அவர் வேண்டாம் என்று சொல்லியும் பள்ளிக்கூடத்தை விட்டேன். இது வேண்டும் அது வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்னும் என்ன செய்யலாம் என்று தெரிந்தால் செய்வேன்.

தம்பிலுவிலுக்குப் போ என்று நீங்கள் எழுதினால் போவேன். பிள்ளை பிறந்த பிறகு போகலாமா? பிள்ளைப்பெற்ற அம்மாவுக்குப் பத்தியம் காய்ச்சிக் கொடுக்க வேறு ஆள் இல்லை. அதனால்தான் கேட்கிறேன். வேறொன்றும் இல்லை.

வெயிலில் சாந்து குழைக்கும்போது தலைக்குத் துணி கட்டுங்கள். தேவன் உங்களை நிழலாக மூடிக்கொள்வாராக.

இப்படிக்கு,
உங்கள் மகள் யூனிஸ்.


நற்பிட்டிமுனை,
23.02.1984, வியாழக்கிழமை.

அன்பான அப்பாவுக்கு,

அம்மா அப்படியே இருக்கிறார். பிரஷர் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

மாமாவும் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். போட்டுவிட்டதாக அவரே வந்து சொன்னார். அதில் இருப்பது உண்மைதான். நான் அவர் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது. கொஞ்சம்தான்.

நடந்ததை என் கையாலும் எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை பின்னேரம் ராத்தா வீட்டுச் சட்டி பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். படுக்க இடம் தருகிறார்களே என்று. ராத்தா சட்டியைப் பறித்து வைத்துவிட்டு, என்னகா, எங்கட ஊட்டுக்கும் வேலைக்கு வந்திட்டியா, சம்பளம் எவ்வளவு கேக்கிறாய் என்றார். அன்றைக்கு அவருடைய மகள் சுல்பிகா சோற்றுக் கோப்பையைத் தூக்கி எறிந்து முதுகில் அடி வாங்கியிருந்தாள். அழுதுவிட்டு, அடித்த தாயின் மடியிலேயே நித்திரையாகிவிட்டாள். ராத்தா அவளைக் காட்டி, இந்தச் செய்த்தானப் பாரு, நாளைக்கும் எறிவாள், நானும் அடிப்பன், இவள் எங்க போவாள் நான் எங்க போவன் என்றார். பிறகு, ஒன்ன ஒங்கட உம்மா அடிச்சிரிக்காவா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏசிரிக்காவா? இல்லை. ஒங்கட வாப்பா? இல்லை. ராத்தா வாயில் கையை வைத்தார். அஞ்சு வருசமா ஒரு ஏச்சும் வாங்கல்லியா, நீ என்ன புள்ளயா மலக்கா என்றார். மலக்கு என்றால் அவர்கள் தேவதூதனைச் சொல்வது.

எங்கள் போதகர் ஐயா சொன்ன பிரசங்கத்தை அப்போது அவருக்குச் சொன்னேன். நாங்கள் கடவுளின் பிள்ளைகள் என்று சொன்னதும் அவருக்குப் பதறிவிட்டது. படைச்சவனுக்குப் புள்ள எண்டு என்ட ஊட்டுக்குள்ள கதைக்காதகா, நெஞ்சு இடிக்குது, ஒங்கட மார்க்கம் ஒங்களோட இரிக்கட்டும் என்றார். சொல்லிக்கொண்டே என் தலையை இழுத்து எண்ணெய் வைத்துவிட்டார்.

நேற்று புதன்கிழமை காலையில் மாமா தம்பிலுவில் மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ராத்தாவின் புருஷன் ஆதம்பாவா காக்கா வாடகைக்கு ஓட்டுகிற ஹயர் காரில்தான் வந்தார்கள். எதற்கு என்று காக்காவுக்கு மாமா சொல்லவில்லை.

மாமி நல்ல மனுஷி. அவருடைய மகள் மூன்று சின்னப் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறா. அதுகளைப் பார்க்க ஒரு ஆள் தேவை. என்னைக் கண்டதும் அழுதார். பெற்ற அப்பாவின் முகம் எனக்கு மறந்துபோயிருந்தது. அது இவருடைய முகத்தில் இருந்தது. மூக்கும், கதைக்கும்போது ஒரு பக்கம் கோணுகிற உதடும். அந்த நேரம், போனால் என்ன என்று எனக்கும் தோன்றியது. அதை உங்களுக்கு மறைக்கக் கூடாது.

உடுப்பை எடு என்றார் மாமா. எடுத்தேன். பைக்குள் வைத்தேன். சத்தியமாக நான் போகத்தான் வெளிக்கிட்டேன். அம்மாவுக்குப் பகல் சோறு அடுப்பில் இருக்கிறது என்றேன். அதை நான் கொண்டு போகிறேன் என்றார். அம்மா என்னைக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். மாமா, அவளுக்குத் தன் ஆக்களைக் காண ஆசை வந்துவிட்டது, தானாகவே போய்விட்டாள் என்று சொல்லுறன், அப்பதான் தங்கச்சிக்கு மனம் ஆறும் என்றார். சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்ட வேணும், திறப்பைத் தா என்று கையை நீட்டினார்.

அப்பா, நான் தானாகவே போய்விட்டேன் என்று அம்மா நம்பினால்? கட்டிலில் கிடந்துகொண்டு, ஐந்து வருசம் வளர்த்தது இதற்கா என்று நினைத்தால்? எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. தரமாட்டேன் என்றேன். மாமா என் கையை விரித்துத் திறப்பை எடுக்கப் பார்த்தார். கடித்தேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. பிறகு முற்றத்தில் விழுந்து கிடந்து அப்பா, அப்பா என்று கத்தினேன். நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. வேலிக்கு வெளியே தெரு ஒழுங்கை முழுக்க ஆள் கூடிவிட்டது. யாரைக் கூப்பிட்டேன் என்று இரவு முழுக்க யோசித்தேன். செத்துப்போன அப்பாவையா, உங்களையா, பரலோகத்தில் இருக்கிறவரையா? தெரியவில்லை. மூன்று பேரில் யார் வந்தாலும் சரி என்று கத்தியிருப்பேன்.

வந்தது ஆதம்பாவா காக்காதான். காரைவிட்டு இறங்கி வந்து மாமாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். வா தம்பி, ஆசுபத்திரிக்குப் போவம், நாய்க்கடிக்குப் போடுற ஊசியையே போடச் சொல்லுவம் என்றார். வேலிக்கு மேலால் பார்த்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மாமாவின் முகம் கறுத்துவிட்டது. காக்கா பிறகு சிரிக்காமல் சொன்னார். கத்துற பொட்டப்புள்ளய ஏத்திக்கிட்டுப் போக என்ட காரு வராது, வேற ஆளப் பாருங்க.

மாமி என் பக்கத்தில் வந்து குந்தினார். ஏசுவார் என்று நினைத்தேன். தன் முழங்கையைக் காட்டினார். அதில் ஒரு பழைய தழும்பு இருந்தது. உன்ட அப்பன் சின்னனில கடிச்சது, நீ அவன்ட பிள்ளைதான், நான் கூட்டிப் போகல்ல, என்ட பேரப்பிள்ளைகள் பாவம் என்றார். சிரிப்பும் அழுகையுமாகத்தான் சொன்னார். பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார். அந்த மூன்று பிள்ளைகளையும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமா மட்டும் விடவில்லை. வளர்த்த கையைக் கடிக்கிற பிள்ளை என்றார். கட்டாருக்கு எழுதுறன், அவர் ஒரு வார்த்தை எழுதட்டும், அடுத்த நாளே உன்னை ஏற்றி அனுப்புறன் என்றார்.

சோறு கொண்டு போக நேற்றுப் பிந்திவிட்டது. ஏன் என்று அம்மா கேட்டார். பஸ் இல்லை என்று பொய் சொன்னேன். அம்மாவுக்குப் பசி போல, ஒன்றும் பழிக்காமல் சாப்பிட்டார். பிறகு என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தார். பிள்ளை உதைத்தது. அம்மா குனிந்து பிள்ளையிடம், இது உன்ட அக்காட கை, கெதியா வந்து அவளோட சண்டை பிடி, அவளுக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது, நீதான் பழக்க வேணும் என்றார். நான் அழுதுவிடாமல் இருக்க, இன்றைக்குக் கறி நல்லாயிருக்கா என்று கேட்டேன். இல்லை என்றார்.

அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. எத்தனை நாளைக்கு மறைக்கலாம் என்றும் தெரியாது. மாமா இளநீரோடு வாட்டுக்குப் போகும்போதெல்லாம், கோபத்தில் சொல்லிவிடுவாரோ என்று வாசலில் நின்று பார்க்கிறேன்.

வீட்டுக்காக நான் கடிக்கவில்லை அப்பா. பிறக்கிறது தங்கச்சியென்றால் வீடு அவளுக்கே இருக்கட்டும். நான் சும்மா இருந்துவிட்டுப் போகிறேன். போதகர் ஐயா சொன்ன கூலியாளின் பயம் இன்னும் எனக்குப் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடுதான் அப்பா என்று கூப்பிட்டேன். கூலியாள் அப்படிக் கூப்பிடமாட்டான் என்று நினைக்கிறேன். நேற்று இரவு ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொல்லும்போது முதல்முறையாக நெஞ்சு அடிக்கவில்லை. கொஞ்ச நேரம்தான். பிறகு உங்கள் பதிலின் நினைவு வந்துவிட்டது.

மாமாவுக்கு என்ன எழுதப் போகிறீர்களோ, அது உங்கள் விருப்பம். எனக்கு எழுதும்போது ஏசி எழுதுங்கள். வயதுக்கு மூத்தவரைக் கடிக்கிறதா, வெட்கமில்லையா, ஊர் சிரிக்க முற்றத்தில் கிடந்து கத்துகிறதா என்று எழுதுங்கள். நான் வந்து முழங்காலில் நிற்க வைக்கிறேன் என்று எழுதுங்கள். மாமாவிடம் மன்னிப்புக் கேள் என்றால் போய்க் கேட்பேன். தாள் முழுக்க ஏசினாலும் ஒரு எழுத்து விடாமல் வாசிப்பேன்.

அன்பான வார்த்தை மட்டும் எழுத வேண்டாம் அப்பா. நீங்கள் பக்குவமாக எழுதினால், என்னை அனுப்பப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கர்த்தர் உங்களைச் சுகமாகத் திருப்பிக் கொண்டுவருவாராக.

இப்படிக்கு,
உங்கள் மகள்
யூனிஸ்.