கூம்புப்பூ மேட்டில் ஒரு துப்பாக்கி

அன்புள்ள அம்மாவுக்கு, லொரெட்டா வணக்கத்துடன் எழுதுவது. மொன்டானாவில் நான் நலம். உன் மூட்டுவலி குறைந்ததா? அப்பா ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா?

பல்வலிக்கு நீ வேர் தோண்டுவாயே, அந்த ஊதாக் கூம்புப்பூச் செடிகளை எண்ணுவதுதான் இங்கே என் வேலை. கனடாவிலிருந்து டெக்சாஸ் வரை புல்வெளியெங்கும் வளர்கிற செடி. நான் எண்ணுகிற மேட்டில் மட்டும், வேரை மருந்துக்கு விற்கிற திருடர்கள் வெறும் குழிகளை விட்டுப்போயிருக்கிறார்கள்.

நேற்று ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. ஒரு குழியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "கையத் தூக்கு! அசைஞ்சே, சுட்டுடுவேன்!" என்று குரல் கேட்டது. நிலத்துக்காரர் ஹார்லன் துப்பாக்கியோடு நின்றார்.

"திருட வரலைங்க. பூவத்தான் எண்ணுறேன். உங்க வீட்டம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்." கையைத் தூக்கியபடியே சொன்னேன்.

"எல்லாத் திருடனும் இதத்தான் சொல்றான்!"

துப்பாக்கியை இறக்காமலே மனைவிக்குப் போன் செய்தார். அந்த அம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டது: "அட கூறுகெட்ட மனுஷா! காலையில நம்ம வீட்டுல காப்பி குடிச்ச பொண்ணுய்யா அது!"

அவர் சட்டென்று துப்பாக்கியை இறக்கினார். "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் எண்ணிக்கை மறந்து, முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

அப்பாவின் ஆரஞ்சு வேட்டைச் சட்டையை அனுப்பு. தூரத்திலேயே ஆள் தெரியும். கொஞ்சம் உப்புக்கண்டமும் வை. தங்கை வெர்னாவுக்கு லீவு கிடைத்தால் ஒரு வாரம் வரச் சொல். சும்மா, பூ எண்ணத்தான். வர முடியாவிட்டால் பரவாயில்லை.

தபால் வண்டி வந்துவிட்டது. நாளைக்கும் அதே மேடுதான், அம்மா. வெர்னாவை எப்படியாவது அனுப்பிவிடு.

உன் மகள்,
லொரெட்டா