கீழ்ப்பாதி

நாள் 41, காலை 8.10
டைட்டன் நிலையம். எழுதுவது அறவாழி, வெல்டிங் பொறியாளர். வெளியே மைனஸ் நூற்றெண்பது. கிடங்கின் வெளிக்கதவைச் சுற்றியுள்ள தடித்த எஃகு வளையத்தில் விரிசல். வெல்டிங்குக்கு பேட்டரி இருக்கிறது. ஆனால் முதலில் எஃகைச் சூடேற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போது பிளக்கும். மின்சூடேற்றி செத்துவிட்டது. ஆகவே சுடர்.

இந்த நிலவில் எரிவாயுவுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ஆக்சிஜனுக்கு. என் தேர்வு அசிட்டிலீன். உக்கிரமான சுடர், ஆக்சிஜன் செலவு குறைவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நாள் 41, பகல் 12.30
யோசித்தார்கள். நிலவைச் சுற்றும் கலத்திலிருந்து தலைவர் ஹசீனா: "டென்சில் சொல்றதுதான் சரி. புரோப்பேன். ஆக்சிஜன் கூட செலவானாலும் சூடு பரவலா உள்ள இறங்கும். அறவாழி, நீங்க அவருக்கு உதவியா இருங்க."

உதவியா! டென்சிலும் நானும் ஒரே பேட்ச், ஒரே படிப்பு. அவன் வாயைத் திறந்தால் எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் திறந்தால் கூட்டம் முடிந்துவிடுகிறது.

டென்சில் வேறு குறுக்கே வந்தான்: "ஏல ஆழி, மூஞ்சியத் தூக்காத. ஒம் மூஞ்சி இருக்க சூட்டுலயே வளையம் பழுத்துரும் போல."

ஹசீனா சிரித்தார். என்னிடம் ஒருநாளும் சிரித்ததில்லை.

நாள் 42, மாலை 5.00
வளையத்தின் மேல்பாதியை டென்சில் முடித்தான். பகல் முழுக்கப் பிடித்தது. பொறுமையாம். அவன் ஓய்வுக்குப் போனதும் கீழ்ப்பாதியை நான் எடுத்தேன். அசிட்டிலீனில்.

குறித்த சூட்டில் உருகும் சூட்டுக்குச்சியைச் சுடர் பட்ட இடத்திலேயே தேய்த்தேன். உடனே உருகியது. மறுபக்கம் போய்த் தேய்க்கவில்லை. எதற்கு? சீக்கிரமே முடிந்தது. ஹசீனாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

பதில்: "நல்லது. டென்சிலுக்கு நன்றி சொல்லிடுங்க."

நாள் 43, காலை 9.40
கிடங்குக்குள் இருக்கிறேன். துப்பாக்கி வெடித்தது போல் சத்தம், கீழ்ப்பாதி பிளந்துவிட்டது. நிலையத்துக்குள் போகும் உள்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. கசிவை அடைக்காமல் திறக்காது. என் விண்ணுடுப்பு அந்தப் பக்கம். பனிக்காற்று ஊதுகிறது.

மேல்பாதியில் கீறல்கூட இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

9.55
டென்சில் வெளியே வந்துவிட்டான். ரேடியோவில் கேட்டான்: "எதுல சூடேத்துன?"

சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வெளியே ஒரே ஆக்சிஜன் சிலிண்டர், அதுவும் பாதி. மற்றவை என்னோடு உள்ளே. பாதி சிலிண்டர் அசிட்டிலீனுக்குப் போதும். புரோப்பேனுக்குப் போதாது. "அசிட்டிலீன்லயே பண்ணுடா" என்று கத்தினேன்.

"திரும்பப் பிளக்கவா? சும்மா கெட மக்கா. எம் முதுகுல ஒண்ணு இருக்குல்லா."

முதுகில் இருப்பது அவன் மூச்சு.

10.50
விரல் மடங்கவில்லை. வளையத்திலிருந்து மெல்ல அனல் அடிக்கிறது. மறுபக்கம், என் பக்கம். இங்கேதான் நான் குச்சியைத் தேய்த்திருக்க வேண்டும்.

"சூடு வந்துட்டால?"

வந்துவிட்டது. இல்லை என்று சொல்லத் தோன்றியது. அவன் சொன்னது சரி என்று ஒருமுறை ஒப்புக்கொள்ள இத்தனை கஷ்டமா?

"வந்துருச்சு."

"அப்ப வெல்டிங்க ஆரம்பிக்கேன்."

11.35
கசிவு நின்றது.

"போதும் டென்சில். உள்ள போ."

அவன் சுடரை அணைக்கவில்லை. சட்டென ஆறினால் மறுபடி பிளக்கும்.

11.40
உள்கதவு திறந்துகொண்டது. உடுப்பை மாட்டுகிறேன். ஒரு கை நுழையவில்லை. வெளியே சுடர் இன்னும் இரைகிறது, அவன் முதுகுச் சிலிண்டரைக் குடித்தபடி. ஹசீனா கூப்பிடுகிறார்: "டென்சில்? டென்சில்?" என் பெயரை இன்னும் சொல்லவில்லை.

வளையத்தருகே கையை நீட்டிப் பார்த்தேன். சுற்றிலும் ஒரே சூடு.

கீழ்ப்பாதியும் அவனுடையதாகிவிட்டது.