ஞாயிறு காலைச் சுடுதண்ணீர்

செவன் கிங்ஸ், லண்டன்
16 பெப்ரவரி 2025, ஞாயிறு, காலை 7.40

அன்புள்ள தனுஷியா,

நீர் இத்தாலியில் பலெர்மோவுக்குப் படிப்பிக்கப் போய் இன்றைக்கு 43 நாள். மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் 'தர்சிகன்' பதினொரு தடவை, 'யனு' நாலு தடவை. அந்த நாலில் மூன்று, 'அன்புள்ள யனு' என்ற தொடக்கம்.

போனில் நான் குறுக்கே பேசுகிறேன், கடிதம் என்றால்தான் முழுக்கச் சொல்லலாம் என்று கேட்டது நீர்தான். சரி, முழுக்கச் சொல்லும். காஸ் சிலிண்டரைத் தூக்கித் தந்தது தர்சிகன். விசா வரிசையில் நின்று மொழிபெயர்த்தது தர்சிகன். ஒரு மணிக்குப் பூட்டின கடை நாலு மணிக்குத்தான் திறக்கும் என்று சொல்லித் தந்ததும் அவன்தான். கீழ்வீட்டுக்காரனுக்கு வேறு வேலை இல்லையா?

இங்கே மழை. இந்தக் கிழமை மூன்று கட்டடங்களில் பொய்லர் திருத்தினேன். எங்கள் வீட்டில் ஹீட்டிங் போடவே மனமில்லை.

பள்ளிக்கூடம் இன்னும் இரண்டு வருடம் படிப்பிக்கக் கேட்கிறது, யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தீர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஜூலையில் திரும்பி வருவதாகச் சொல்லித்தானே போனீர்? ஓம் அல்லது இல்லை என்று எழுதும்.

யனுஷன்


பலெர்மோ
27 பெப்ரவரி 2025

அன்புள்ள யனு,

இது ஐந்தாவது தடவை. குறித்துக்கொள்ளுங்கள்.

காலையில் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினால் பாண் வண்டிக்காரர் பாணை வைத்துவிடுவார். முதல் கிழமை கயிறு நழுவிக் கூடை அவருடைய தலையில் விழுந்தது. அன்றிலிருந்து அவர் தொப்பி போட்டுக்கொண்டுதான் எங்கள் தெருவுக்குள் வருகிறார். லண்டனில் ஆறு வருடம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது.

கீழ்வீட்டு அருமைநாயகி அன்ரி, தர்சிகனுடைய அம்மா, வீடுகள் துப்புரவாக்கும் வேலை செய்கிறா. ஞாயிறு விடிய எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு மலையேறி, ரொசாலியா என்ற கத்தோலிக்கப் புனிதையின் கோயிலுக்குப் போவார்கள். நான் சைவம், எனக்கு அங்கே என்ன என்று கேட்டேன். "நாங்களும் சைவம்தான், பிள்ளை. குளிச்சு முழுகிப்போட்டு வா" என்றா.

போனேன். கால் கொப்பளித்துவிட்டது. இறங்கும்போது நொண்டி நொண்டி வர, அன்ரி திரும்பிப் பார்த்து, "லண்டன் கால்" என்றா. நடுவழியில் குந்தியிருந்து வயிறு நோகச் சிரித்தேன்.

உங்கள் கேள்விக்கு ஓம், இல்லை போதாது. ஏப்ரல் முடிவுக்குள் பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு வாருங்கள், நேரில் கதைப்போம். குறுக்கே பேசினாலும் பரவாயில்லை.

உங்கள் தனுஷியா


செவன் கிங்ஸ்
16 மார்ச் 2025, ஞாயிறு, மாலை 4.15

தனுஷியா,

ஜனவரியில் உம்மை விட வந்தபோது சுடுதண்ணீர்த் தாங்கியில் ஒரு சென்சர் பூட்டினேன். ஒழுக்கு இருந்தால் மட்டும் காட்டும் என்றேன். அது முழு உண்மை இல்லை. சுடுதண்ணீர் ஓடும் ஒவ்வொரு தடவையும் என் போனில் பதிவு விழும்.

போன ஞாயிறும் இன்றும், காலை 5.10 இலிருந்து 6.20 வரை, ஐந்து தடவை ஓடியிருக்கிறது. ஒரு ஆள் ஐந்து தடவை குளிக்க மாட்டார். அந்த நேரத்தில் உம்முடைய வீட்டில் யார்? பதினொரு தடவை எழுதிய பெயரைப் போன கடிதத்தில் ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கிறீர். ஏன் என்று இப்போது விளங்குகிறது.

விம்பிள்டனுக்குப் போய் மாமியிடமும் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

யனுஷன்


பலெர்மோ
27 மார்ச் 2025

யனுஷன்,

உங்கள் கடிதம் வரமுன்னமே அம்மா போன் எடுத்துவிட்டா. முதல் கேள்வி, "ஆர் பிள்ளை அவன்?" நான் சொன்ன எதையும் அவ கேட்கவில்லை. அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவும் இல்லை.

கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டார் எரிந்து மூன்று கிழமை. முழுகாமல் மலைக்குப் போக மாட்டார்கள், அதனால் ஞாயிறு விடிய என் வீட்டுக்கு வந்து முழுகினார்கள். அன்ரி, அவவோடு தங்கியிருந்து வேலை செய்கிற மூன்று பெண்கள், நான். உங்கள் ஐந்து இதுதான். தர்சிகனும் முழுகினவர்தான். கடைசியாக, பச்சைத் தண்ணீரில். சுடுதண்ணீர் தீர்ந்துவிட்டது. அது உங்கள் சென்சருக்குத் தெரியாது.

அதை நான் கழற்றும்போது அன்ரி பார்த்துக்கொண்டு நின்றா. "உன்ர மனுசன் தண்ணியை எண்ணுறாரோ, பிள்ளை?" பகிடிக்குத்தான் கேட்டா. என்னால் முகத்தை நிமிர்த்த ஏலவில்லை.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வைத்தேன். இரண்டு வருடம். கோபத்தில் வைக்கவில்லை, நாலு நாள் யோசித்துத்தான் வைத்தேன். லண்டனில் எங்கே நிற்கிறீர், யாரோடு, எத்தனை மணிக்கு என்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அதை அன்பு என்று நினைத்திருந்தேன்.

ஈஸ்டருக்கு வர வேண்டாம்.

தனுஷியா


செவன் கிங்ஸ்
6 ஏப்ரல் 2025, ஞாயிறு, காலை 9.05

அன்புள்ள தனுஷியா,

சாட்டுச் சொல்ல வரவில்லை. நான் செய்தது களவு.

தர்சிகன் மேல் மட்டும் எனக்கு எரிச்சல் என்றால் அதுவும் பொய். பாண் வண்டிக்காரர், அன்ரி, அந்த மலை, எல்லாவற்றின் மேலும் எரிந்தது. வயிறு நோகச் சிரித்தேன் என்று எழுதியிருந்தீரே, அந்த வரியைத் தாண்டி அன்றைக்கு என்னால் வாசிக்க ஏலவில்லை. என்னோடு இருந்து நீர் கடைசியாக அப்படிச் சிரித்தது எப்போது என்று தேடிப் பார்த்தேன். நாங்கள் கலியாணம் கட்டின வருடம். இரண்டு மாதத்தில் ஒரு ஊர் உம்மைச் சிரிக்க வைத்துவிட்டது. ஒரு ஊரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அதனால் ஒரு ஆளைப் பிடித்தேன்.

இனிச் செய்யப்போவது:

1. சென்சரின் பழைய பதிவுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இந்தக் கடிதத்தை ஒட்டமுன் எல்லாவற்றையும் அழிக்கிறேன்.

2. இன்று பின்னேரம் மாமியிடம் போகிறேன். நான் சொன்னது பொய் என்றும், உம்மை ஒளித்துப் பார்த்தேன் என்றும் சொல்வேன். ஆட்கள் வந்திருந்தால் அவர்கள் முன்னாலேயே. கதவு திறக்காவிட்டால் வாசலில் நின்று.

3. அன்ரிக்கும் தர்சிகனுக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி, ஒட்டாமல் இதற்குள் வைக்கிறேன். வாசித்துப் பாரும். சரியில்லை என்றால் கிழித்துவிடும்.

4. ஈஸ்டருக்கு வர மாட்டேன்.

5. ஜூலையில் திரும்பி வாரும் என்று இனிக் கேட்க மாட்டேன். நான் அங்கே வரலாம் என்று எப்போதாவது நீர் எழுதினால், வருவேன். எழுதாவிட்டாலும் மேலே உள்ள நாலும் நடக்கும்.

யனுஷன்