கொசுக்கூண்டில் கை விடும் வேலை

சிகாமட், ஆறாங்கட்டைத் தோட்டம்,
1934, ஐப்பசி மாதம்.

சீமையில் படிக்கும் என் மகன் சிரஞ்சீவி ஜெயபாலனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. மாரியாத்தாள் துணையில் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், சினைப்பசுவும் சுகம், ஆறு மட்டும் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. உன் சுகத்தை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை, முதலில் இரண்டு கையும் நன்றாக இருக்கிறதா என்று எழுது. உன் கடுதாசி வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு வைத்த குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது, அப்பா தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டு எழுந்தார், அப்படியென்றால் போட்டிருக்க மாட்டேன். நாலு தரம் படித்தும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, ஆகையால் எனக்கு விளங்கினதை அப்படியே எழுதுகிறேன், தப்பாக இருந்தால் அம்மாவைக் கேலி பண்ணாமல் திருத்து.

நீ படிக்கிற சர்வகலாசாலையில் பிள்ளைகளுக்கே சின்னச் சின்ன வேலை கொடுக்கிறார்கள், எல்லாம் டெம்பரரி, லீவு முடியும்வரையோ ஒரு ஆராய்ச்சி முடியும்வரையோதான். ஒருத்தன் புத்தகசாலையில் தூசி தட்டுகிறான், ஒருத்தன் வெள்ளெலிக்குத் தீனி வைக்கிறான், நீ போன பருவத்தில் கண் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்குச் சாயங்காலத்தில் பாடப் புத்தகம் வாசித்துக் காட்டினாய். இதுவரைக்கும் சரிதானே? படிக்கப் போன பிள்ளையை எதற்காக வேலை வாங்குகிறார்கள் என்று அப்பாவைக் கேட்டேன். அங்க அப்படித்தான் புள்ள, படிச்சுக்கிட்டே சம்பாரிக்கிறது அவங்களுக்கு கௌரவம்னு சொன்னார். அப்படியென்றால் இங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பிள்ளை பாதி நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வேலை வாங்குகிற தண்டல் ஏன் அந்தக் குதி குதிக்கிறார் என்று கேட்டேன், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். டெம்பரரி என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை, நம் தோட்டத்தில் டெம்பரரி ஆளை எந்த நேரமும் போகச் சொல்வார்கள். இருந்தாலும் கண் தெரியாத பிள்ளைக்கு வாசித்தது புண்ணியம், தோட்டத்து ஆட்கள் இருக்கிற லயம் லயமாகச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போது எழுதியிருக்கிறாயே இந்தக் கொசு வேலை, இதை நான் யாரிடம் போய் என்னவென்று சொல்வேன்?

கூண்டுக்குள் கொசு வளர்க்கிறார்களாம், அது முட்டை வைக்க மனுஷ ரத்தம் வேண்டுமாம், அதற்காக நீ சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கூண்டுக்குள் கையை விட்டு உட்கார்ந்திருக்கிறாயாம், அதுகள் குடித்து முடிக்கும்வரை அசையக்கூடாதாம், அதற்குச் சம்பளமாம். ஏனப்பா, உனக்கே இது நன்றாக இருக்கிறதா? உன் அப்பா இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருந்து கொடுக்கிற டிரஸராக வந்த நாளிலிருந்து காட்டிலும் மேட்டிலும் ஆளை விட்டுக் கால்வாய் கால்வாயாக எண்ணெய் ஊற்றிக் கொசுவைக் கொன்றுகொண்டிருக்கிறார், அவர் பெற்ற பிள்ளை கப்பலேறிப் போய்க் கொசுவுக்குச் சோறு போடுகிறது. எண்ணெய் ஊற்றுகிற காளியப்பன் இதைக் கேட்டுவிட்டு, டிரஸரய்யா, தம்பி அங்க வளக்கட்டும், நம்ம இங்க கொல்லுவோம், ரெண்டு பேருக்கும் வேல இருக்கும்லா என்றானாம், அப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டு அங்கம்மா மலாய்க்காரி மாதிரி வாயில் கை வைத்து, அலமாக், பிள்ளைய ரத்தம் விக்கவா கப்பலேத்துனீங்கன்னு வாசலில் நின்று கேட்கிறாள். அந்தக் கொசு நோயாளியைக் கடிக்காத கொசு, முட்டையிலிருந்து கூண்டிலேயே பிறந்தது, அதன் வாயில் காய்ச்சல் இல்லை என்று அப்பா படம் போட்டுக்கூடக் காட்டினார். காட்டும்போது விளங்குகிறது, அவர் அந்தப் பக்கம் போனதும் போய்விடுகிறது. காய்ச்சல் இல்லாத கொசுவை எதற்கு ஆராய்ச்சி பண்ண வேண்டும், கடிக்கிறதுதான் என்றால் இங்கே நம் கால்வாயோரம் வந்து உட்காரக் கூடாதா, சும்மாவே கடிக்குமே.

இவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டேன், கடைசிப் பக்கத்தில்தான் கடுதாசியைக் கீழே வைத்துவிட்டேன். கை விடுகிறவர்கள் உடம்பில் எந்த மருந்தும் இருக்கக் கூடாது, இருந்தால் ஆராய்ச்சிக் கணக்கே பிசகிப்போகும் என்று உன் புரொபசர் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டாராம், நீ ஒருத்தன் எழுந்து, நான் தினம் காலையில் மலேரியாக் காய்ச்சல் வராமல் இருக்கக் கொயினா சாப்பிடுகிறேன் என்றாயாம். நிறுத்திவிடு, இல்லையென்றால் வேலையை விட்டுவிடு என்று அவர் சொல்ல, என் அம்மாவைக் கேட்காமல் நிறுத்த முடியாது, தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்றாயாம். கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். சிரிக்கட்டும், அவர்கள் அம்மாமார் அவர்களை எந்த ஸ்டேஷனில் நின்று அனுப்பினார்களோ. நம் சிகாமட் ஸ்டேஷனில் ரயில் ஊதின பிறகும் உன்னை ஏறவிடாமல், என் தலையில் கை வைத்துச் சொல், எந்தத் தேசத்திலும் ஒரு நாள்கூட விடாமல் கொயினா விழுங்குவேன் என்று சொல் என்று நான் பிடித்துக்கொண்டு நின்றது உனக்கும் மறக்கவில்லை, எனக்கும் மறக்கவில்லை. ஆனால் சீமையில் அந்தக் காய்ச்சலே கிடையாது என்று நீ அப்போது ஏன் சொல்லவில்லை, அப்பாவும் ஏன் சொல்லவில்லை? கேட்டால், சொன்னா நீ கேட்டிருப்பியா புள்ளன்னு என்னையே திருப்பிக் கேட்கிறார். அவர் வாரம் தப்பாமல் உனக்கு மாத்திரை அனுப்பினதும் என் வாயை அடைக்கத்தானாம். உன் புரொபசர் சிரிக்காமல், அம்மாவுக்கு எழுதிக் கேள், பதில் வரும்வரை உன் கூண்டை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றாராம். அந்த மனுஷன் நல்லவராகத்தான் இருக்க வேண்டும். அவர் நல்லவராக இருப்பதால்தான் எனக்கு இன்னும் குழப்பம், கெட்டவராக இருந்தால் வேலையை விட்டுவிடு என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

ஏன் முடியவில்லை என்று உனக்குத் தெரியும். புஷ்பவள்ளிக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். டிரஸர் வீட்டுப் பிள்ளை, ஆஸ்பத்திரி நிறைய மருந்து, கசக்குது கசக்குதுன்னு துப்பித் துப்பியே போய்விட்டது. உன் தங்கச்சி இருந்தால் இப்போது தாவணி போட்டிருப்பாள். அவளைக் கொண்டுபோன கொசுவை நீ கையில் உட்காரவைத்து வளர்க்கிறாய் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, எரிகிறதென்று சொல்லாமல் என்ன சொல்வேன். அதே கடுதாசியில் நீ, இந்த ஆராய்ச்சி முடிந்தால் ஒரு நாள் தங்கச்சி மாதிரி பிள்ளைகள் போகாமல் இருக்கும் அம்மா என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்தால் போ ராசா, கையை விடு என்கிறது மனசு. மருந்தை நிறுத்தச் சொன்ன வரியைப் படித்தால் வேண்டாம் என்கிறது. காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அப்பாவைக் கேட்டால், சத்தியம் வாங்கினது நீ, நீதான் சொல்லணும்னு நழுவிவிட்டார்.

கோயிலில் பூசாரி வேலுவைப் போய்க் கேட்டேன், ஒரு தாய் வாங்கின சத்தியத்தைத் தாயே அவிழ்க்க வழி உண்டா என்று. அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். சாமிக்கு வச்ச நேர்த்தின்னா வழி சொல்லுவேன், பெத்தவ தலையில அடிச்ச சத்தியத்துக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னு கையை விரித்தார். நேர்த்திக்கு என்ன வழி என்று கேட்டேன். மறந்துட்டீங்களா, போன பங்குனியில பேச்சியம்மா புருஷனுக்குக் காலு முறிஞ்சு கெடந்துச்சு, அவரு வச்ச காவடிய மகன் தூக்கலையா, ரத்த சொந்தம் யாராச்சும் செஞ்சா சாமி ஏத்துக்கும் என்றார். நான் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், வருகிற வழியெல்லாம் அதே யோசனை. அவர் சொன்னதை நான் சரியாகத்தான் எடுத்துக்கொண்டேனா என்று இன்னும் தெரியாது. ஆனால் இதற்குமேல் யோசித்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

ஆகவே கேள் ஜெயபாலா. உன் உடம்பில் மருந்து இருக்கக் கூடாது என்றுதானே உன் புரொபசர் சொன்னார், என் உடம்பில் இருக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. இன்று காலை பெரட்டுக்குப் போனேன். ஆள் பேர் கூப்பிட்டு முடிந்ததும் எல்லாரும் கொயினாத் தண்ணிக்கு வரிசை கட்டினார்கள், நானும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அங்கம்மாவுக்குப் பின்னால் போய் நின்றேன். டிரஸர் பெண்சாதி வரிசையில் நிற்கிறாளே என்று ஒரே குசுகுசுப்பு. என் முறை வந்ததும் அப்பா கையில் கரண்டியோடு என்னையே பார்த்தார், பாகற்காய்கூடத் தின்ன மாட்டியே, யாருக்கு இதுன்னு கேட்டார். ஜெயபாலனுக்கு என்றேன். கரண்டியில் இருந்ததை அவரே என் வாயில் ஊற்றினார், கொஞ்சம் சேலையில் சிந்திவிட்டது. துப்பவில்லை, முழுக்க விழுங்கினேன். நாளைக்கும் போவேன். அந்த வேலை முடிகிறவரை உன் பங்கு என்னுடையது.

நீ இந்தக் கடுதாசி கைக்கு வந்த நாளிலிருந்து மாத்திரையை நிறுத்தலாம், என் தலைக்கு ஒன்றும் ஆகாது. சிரித்த பிள்ளைகளிடம் கோபம் வைத்துக்கொள்ளாதே. கண் தெரியாத பிள்ளைக்கு வாசிப்பதையும் விட்டுவிடாதே, ஒரு கை கூண்டில் இருந்தால் மறு கையில் புத்தகம் பிடிக்கலாம் அல்லவா, முடியுமா முடியாதா என்று எழுது. வலது கையை விடாதே, எழுதுகிற கை. எண்ணெய் தேய்த்துக் குளி, குளிரில் நெஞ்சை மூடு. பரீட்சை எல்லாம் ஜெயமாகி நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருப்பாய், உன் தங்கச்சியின் ஆயுசும் சேர்த்து உனக்கே. ஆராய்ச்சி முடிந்த அன்றைக்கே தபால் போட மறக்காதே, ஒரு நாள்கூடத் தாமதிக்காதே ராசா, கசப்புத் தாங்கவில்லை.

கொயினா குடித்த வாயோடு ஆசீர்வதிக்கும்
உன் அம்மா,
ச. தனலெட்சுமி