பச்சைச் சேலைக்கு ஒரு மன்னிப்பு

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

மீன் விற்கும் பெண்கள் நாறுகிறார்கள் என்று பேசிய நடிகன் இன்றைக்கு ரீவியில் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். என் புருஷனின் தங்கச்சி பூமணி பக்கத்திலிருந்து பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். “பாவம் மச்சாள், சின்னப் பொடியன்.”

எனக்கு அந்தப் பெண்கள் மேல்தான் எரிச்சல் வந்தது. அவர்கள் முகத்தையே பார்த்திராதவன்கூட அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறான். நான் வாவி இறால் விற்ற காலத்தில் இவளுடைய கல்யாணத்துக்குக் குளித்து, புதுப் பச்சைச் சேலை உடுத்துத்தான் போனேன். “மச்சாள், இறால் நாறுது, கடைசிப் பந்தியில இருங்க” என்று ஊர் கேட்கச் சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்கு வெற்றிலை வட்டாத் தட்டைக் கையால் நீட்டியதில்லை. பாயில் வைப்பேன், அவளே எடுத்துக்கொள்வாள்.

“நீயும் ஒருக்கா என்னட்ட மன்னிப்புக் கேளன்” என்றேன்.

“எதுக்கு, அந்தப் பச்சைச் சேலைக்கா?” சிரித்தாள். “நான் என்ன மச்சாள், ரீவியிலயா வாறன்?”

சேலையின் நிறம்கூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. மறந்திருந்தால் ஒருவேளை நானும் விட்டிருப்பேன்.

வெற்றிலைக்குக் குனிந்தாள். வட்டாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.