இடது கை வீசும் கதாநாயகி

ஜூன் 3, திங்கள்

படத்துக்கு வசனம் எழுத வந்தவள் நான். செட்டில் முழுநேர வேலை வம்பளப்பு. கதை தெரிந்ததுதான்: இரண்டு சமூகத்துப் பிள்ளைகள், இரண்டு வகை ஆட்டம், நடுவே காதல், சுற்றிலும் முறைக்கும் பெற்றோர். ஐம்பது வயதில் பதினேழு வயதுக் காதலை எழுத எனக்கிருக்கும் ஒரே தகுதி, வெட்கமின்மை.

கதாநாயகி புதுமுகம். கதையில் வருவது போலவே நிஜத்திலும் வேற்றுமொழிக்காரி. நம் பேச்சு பாதிதான் புரியும். அந்தப் பாதியும் டான்ஸ் மாஸ்டரின் திட்டு.

ஜூன் 4

கடைசி ஆட்டத்துக்கு ஒத்திகை. பையனின் சமூகத்து ஆட்டத்தை இருவரும் பக்கம் பக்கமாக நின்று ஆட வேண்டும். அவன் வலது கையை வீசினால் இவள் இடது கையை வீசுகிறாள். பையனின் மூக்கு வீங்கிவிட்டது.

"கை எது கால் எதுன்னே தெரியலைங்க இதுக்கு" என்றார் மாஸ்டர். தயாரிப்பாளர் வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்திருக்கிறார். அப்புறம் வேறு பெண், பேசியாயிற்றாம்.

மேக்கப் அறையில் எட்டிப் பார்த்தேன். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். அதே இடது கை. தாளம் பிசகவில்லை, கை மட்டும் மாறாமல் இடது. தெரியாதவள் கன்னாபின்னாவென்று அல்லவா ஆடுவாள்? இவள் ஒரே தப்பை இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாளே, ஏன்?

ஜூன் 5

அவள் போகக் கூடாது. போனால் நானும் போவேன் என்று மிரட்டலாம். உடனே எனக்கு வண்டி ஏற்பாடு செய்துவிடுவார்களோ என்று பயம்.

ஜூன் 6

உதவியாளர்களைக் குடைந்ததில் விஷயம் வெளியே வந்தது. பையன், மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று கற்றவன். பெண்ணுக்கு வேறு நாட்களில், தனியாக, எதிரே நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர் வலது கையை வீசினால் எதிரே நிற்பவளுக்கு அது இடது பக்கம். பார்த்ததை அப்படியே ஆடுகிறாள் பாவி! மாற்றி ஆடச் சொன்னாராம். எந்த மொழியில் சொன்னார்? இனிமேல் மாற்றிப் பழக நாளும் இல்லை.

வீட்டில் என் கணவரைப் பக்கத்தில் நிறுத்தி ஆடிப் பார்த்தேன். அவர் கண்ணாடி சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது. "உன்னை எழுதக் கூப்பிட்டாங்களா, ஆடக் கூப்பிட்டாங்களா?" என்று என் எதிரே வந்து நின்று கத்தினார். அப்படியே நில்லுங்க என்றேன். அவர் வலது, என் இடது. இரண்டு கையும் ஒரே பக்கம் எழுந்தன! இத்தனை வருஷம் எதிரெதிரே நின்று சண்டை போட்டதில் இப்படியும் ஒரு லாபம்.

ஜூன் 7, வெள்ளி

இயக்குநரை மடக்கினேன். "தம்பி, ரெண்டு பேரையும் எதிரெதிரா நிறுத்திப் பாருங்க. ஒரே ஒரு தடவை."

மாஸ்டர் குறுக்கே வந்தார். "அக்கா, நீங்க வசனத்தைப் பாருங்க."

"பார்த்துட்டேன். இதையும் பார்த்துட்டுப் போறேன்" என்று ஆடுகிற இடத்துக்கு நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்க நாலு ஆள் வேண்டும். அவர்களுக்கு அது தெரியும்.

எதிரெதிரே நிறுத்தினார்கள். ஆடினார்கள். ஆளும் கண்ணாடியும் போல. யாரும் யார் மூக்கையும் தொடவில்லை. தயாரிப்பாளர் எழுந்து வந்து, தனக்கு முதலிலேயே இது தோன்றியது என்றார். தோன்றியிருக்கட்டும். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ சொன்னாள். ஒரு சொல்லும் புரியவில்லை. கையை விடவும் மனமில்லை.

ஜூன் 12

கடைசி ஆட்டத்தை எடுத்து முடித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் மூச்சு வாங்க அப்படியே ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். அங்கே இரு சமூக ஒற்றுமை பற்றி ஒன்றரைப் பக்கம் வசனம் எழுதி வைத்திருந்தேன். "அக்கா, இதுக்கு மேல பேச்சு வேணுமா?" என்றார் இயக்குநர், தயங்கித் தயங்கி. ஒரு காற்புள்ளியை எடுத்தாலே மல்லுக்கு நிற்பவள் நான்.

அவர் பேனாவை வாங்கி நானே குறுக்கே கோடு போட்டேன்.